கழுதையின் பென்ஷன்

கெர்ட் அபோலிஸ் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். ஆனால் பட்டம் வாங்கியவர்கள் ஒயினைக் குழாயில் ஊற்றி அளந்து சொல்வதை, அவர் ஒரு துளியை நாக்கில் வைத்தே சொல்லிவிடுவார். தென்னாப்பிரிக்காவின் பார்ல் பள்ளத்தாக்கில் அந்த நாக்குக்கு ஈடு கிடையாது. முப்பத்தோரு வருடம் வெள்ளைக்காரர் தோட்டத்தில் பீப்பாய் கழுவினார். பிறகு சொந்தத் திராட்சைக் கொடி, சொந்தப் பீப்பாய், சொந்தச் சிவப்பு ஒயின். யார் தயவும் இல்லை.

"கழுதையாட்டம் உழைச்சியே, பென்ஷன் எங்கடா?" என்று கேலி பேசியவர்கள் வாயை அடைக்க, அதற்குக் 'கழுதையின் பென்ஷன்' என்றே பெயர் வைத்தார். புட்டியில் ஒட்டிய படத்தில் தொப்பி போட்ட கழுதை சாய்வு நாற்காலியில் கால் நீட்டிக் கிடக்கும். பார்த்தவர் சிரிக்காமல் இருந்ததில்லை.

ஆனால் அவர் ஒயினை விழுங்கியதே இல்லை. தோட்ட முதலாளிகள் கூலியில் பாதியை ஒயினாகவே ஊற்றிக் கொடுத்த காலத்தில் அவர் அப்பா குடித்தே செத்தார். அன்றிலிருந்து கெர்ட் சுவைப்பார், துப்புவார். அவ்வளவுதான்.

கழுதை ஒயினுக்குப் பழம் பறிக்க மூன்று வாரம் இருக்கும்போது மலை எரிந்தது. ஒன்பது நாள் புகை கொடிகள்மேல் படுத்துக் கிடந்தது. புகை ஒயினில் ஏறிவிடும் என்று பக்கத்துத் தோட்டக்காரர்கள் பழத்தைக் கொடியிலேயே விட்டுவிட்டார்கள். கெர்ட் ஒரு கொத்தைப் பிய்த்து மென்றார். தேனாக இனித்தது.

"ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிப் பாரேன்" என்றாள் மனைவி லீனா.

"என் நாக்கைவிடப் பெரிய ஆய்வுக்கூடமா? போடி."

அந்தப் பழத்தையே பிழிந்து ஒயின் போட்டார். இரண்டு வருடம் கழித்து, லீனாவின் அறுபதாவது பிறந்தநாளன்று இருவரும் செல்வினின் சாப்பாட்டுக் கடைக்குப் போனார்கள். தென்கிழக்குக் காற்று தகரக் கூரையை உலுக்கிக்கொண்டிருந்தது. உள்ளே நாலைந்து மேசைகளில் கழுதைப் புட்டி நின்றது. கெர்ட் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார். புட்டிகள் திறந்திருந்தன, கோப்பைகள் பாதியில் நின்றன. அதை லீனா பார்த்தாள்.

சாப்பாடு வந்ததும் செல்வின் ஓடி வந்து, ஒரு கோப்பையில் கழுதை ஒயினை ஊற்றி வைத்துவிட்டுக் காதருகே குனிந்தான். "மாமா, ஜன்னலோரம் உக்காந்திருக்காங்களே, ஹெஸ்டர் அம்மா. கேப் டவுன்ல நாப்பது கடைக்கு ஒயின் எடுக்கிறவங்க. உங்க கழுதையத்தான் இப்ப கேட்டிருக்காங்க. பிடிச்சிதுன்னா உங்க பேரு எங்கயோ போயிடும்."

"பிடிக்காமப் போனா?"

"பிடிக்கலன்னா இந்த ஊர்ல யாரும் தொட மாட்டான். முதல்ல நீங்க ஒரு வாய் குடிங்க, அவங்க பாக்கறாங்க. துப்புற சட்டியெல்லாம் இங்க கிடையாது மாமா!"

கெர்ட் லீனாவைப் பார்த்தார். அவள் தட்டிலிருந்த கொத்துக்கறியைக் கிளறிக்கொண்டிருந்தாள். அப்பாவை நினைத்தார். பிறகு கோப்பையைத் தூக்கி விழுங்கினார்.

நாவல்பழம், மிளகு, நல்ல மண்வாசம். சிரிப்பு வந்துவிட்டது. அது தொண்டையில் இறங்கியது. எச்சிலோடு கலந்த பிறகு, அடிநாக்கிலிருந்து ஏதோ மெல்ல எழும்பியது. அணைந்த அடுப்பை நக்கியது போல ஒரு சாம்பல் ருசி.

"அடுப்புல எதையோ கருக்கிட்டாங்க" என்றார்.

லீனா அவர் கோப்பையைப் பார்த்தாள்.

இன்னொரு வாய் குடித்தார். இந்தத் தடவை சாம்பல் சீக்கிரமே வந்தது, போகவும் இல்லை. ரொட்டியைக் கடித்தார். ரொட்டியும் சாம்பலாக இருந்தது.

"உனக்குத் தெரியுமா?"

"ஈஸ்டர் அன்னிக்கே ஒரு கோப்பை குடிச்சேன், மனுஷா."

"ஏன்டி சொல்லல?"

"எத்தனை பேர் சொன்னாங்க உனக்கு? யாரு பேச்சைக் கேட்டிருக்க நீ? ஊரெல்லாம் விழுங்குது. நீ ஒருத்தன்தான் துப்பின."

ஜன்னலோரம் செல்வின் புட்டியைச் சாய்த்தான். கெர்ட் எழுந்தார். எட்டு அடி தூரம். 'வேண்டாம் அம்மா, இது கெட்டுப்போச்சு' என்று சொன்னால் முடிந்தது. நாலு அடி நடந்தார். அந்த அம்மாள் அவரைக் கண்டு கோப்பையை உயர்த்தினாள்.

"நீங்கதான் அந்தக் கழுதையா?" என்று சிரித்தாள்.

கடை முழுக்கச் சிரித்தது. கெர்ட்டின் வாய் அவரை மீறி, "நானேதான் அம்மா. இந்தப் பள்ளத்தாக்கில இப்படி ஒண்ணு நீங்க குடிச்சிருக்க மாட்டீங்க" என்றது.

அவள் விழுங்கினாள். "அடடா, அருமை" என்றாள்.

செல்வின் கை தட்டினான். கெர்ட் தட்டவில்லை. அந்தச் சாம்பல் ருசி வர எவ்வளவு நேரமாகும் என்று இப்போது அவருக்குத் தெரியும். அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். சிரிப்பு அவள் முகத்தில் அப்படியே இருந்தது. அவள் கை மட்டும் மேசைமேல் தண்ணீரைத் தேடியது.