மகள் முடித்த மழைப்பாட்டு

முள்ளுக்குறிச்சியில் நான் டீக்கடை வைத்திருந்தபோது, பாதிப் பேர் டீக்காக வரவில்லை, என் கிராமபோனுக்காகத்தான் வந்தார்கள். எனக்கு அதில் கொஞ்சம் வயிற்றெரிச்சல். ஆனாலும் மேலே மலையில் இருக்கும் குண்டூர் நாட்டுப் பாட்டுக்காரரின் இசைத்தட்டைப் போட்டால் அடுப்பில் பால் பொங்குவதை நானே மறந்துவிடுவேன். அவர் பாட்டெல்லாம் அவரே கட்டியது. களை எடுத்துக்கொண்டே கட்டுவார்.

கடைசியாக மகளைக் கூட்டிக்கொண்டு சேலத்துக்குப் போய், மழையைக் கூப்பிடும் பாட்டு ஒன்றைத் தட்டில் பதியப் பாடிவிட்டு வந்தார். தட்டு என் கடைக்கு வந்து சேர்வதற்குள் படுக்கையில் விழுந்துவிட்டார்.

"தட்டுன்னு சொன்னாலே செவுத்துப் பக்கம் திரும்பிக்கிறாருங்கண்ணா," என்றாள் கடைக்கு வந்த மகள். பாதிப் பாட்டில் இருமல் வந்து வெளியே ஓடிவிட்டாராம். மகள் ஆசைப்பட்டுப் பாட வந்ததைத் தானே கெடுத்துவிட்டோம் என்று அன்றிலிருந்து மனசுக்குள் புழுங்கிக்கொண்டிருந்தார்.

நான் அந்தத் தட்டைக் கேட்டிருந்தேன். எனக்குக் கோபம்தான் வந்தது. ஊரே கேட்டு உருகுகிறது, பாடியவருக்கு மட்டும் வீம்பா? கடையைச் சாத்திவிட்டுக் கிராமபோன் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு மகளோடு மலை ஏறினேன். அப்போது ரோடு கிடையாது. வழியெல்லாம் அவரை வாய்க்குள் திட்டிக்கொண்டே போனேன்.

படுக்கையில் கிடந்தவர் பெட்டியைப் பார்த்ததும், "வேண்டாஞ் சாமி," என்றார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சாவி கொடுத்து ஊசியை வைத்தேன்.

அவர் குரல் மழையைக் கெஞ்சிக் கூப்பிட்டது. பிறகு சட்டென்று நின்றது. அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். தட்டில் அந்த இடத்தில் மகள் பாட்டைப் பிடித்துக்கொண்டாள். அப்பா கட்டாத வரிகள். வந்ததுதான் வந்தாய், வாசலிலேயே கொஞ்சம் நில், களத்தில் சாமை காய்கிறது, அள்ளிவிட்டு வருகிறேன் என்று மழையையே அதட்டினாள்.

"இதை ஆரு கட்டுனது?"

"நாந்தானுங்கப்பா. தட்டு சுத்திக்கிட்டிருக்குது, சும்மா உடறதா?"

"எங்கிட்ட ஏங் கண்ணு சொல்லலே?"

"நீங்க எங்க சொல்ல உட்டீங்க?"

அவர் சிரித்தார். அந்தப் பாட்டுக்கும், அதைச் சுமந்துகொண்டு போகும் பாக்கியம் எனக்குக் கிடைத்ததற்கும் இன்றுவரை நன்றியோடுதான் இருக்கிறேன். சாமை அறுப்பு வருவதற்கு முன்பே அவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அன்றைக்குச் சிரித்து முடித்ததும், "இன்னொருக்காப் போடு சாமி," என்றார். போட்டேன். மகளின் குரல் தொடங்கும் நேரம் அவருக்கு இருமல் முட்டிக்கொண்டு வந்தது. துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, அவள் பாடி முடிக்கும்வரை அடக்கிக்கொண்டார்.