ஷீட்டுக்கு அடித்த வெள்ளை

சித்திரை மாதத்தில் ஆரம்பாக்கத்தில், ஷீட்டு வீட்டுக்குள் பகலில் தூங்கிப் பார்த்தவர்களுக்குத்தான் என் கோபம் புரியும். கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் எனக்கு நைட் ஷிப்டு. காலையில் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி, நாஷ்டா முடித்துப் படுத்தால், வெயில் ஏற ஏற தலைக்கு மேல் சிமென்ட் ஷீட்டு தோசைக்கல்லாகக் காயும். ஃபேன் அந்தச் சூட்டைத்தான் கீழே இறக்கும். தரையில் தண்ணீர் தெளித்தேன், ஈரத்துணி போர்த்தினேன், டேபிள் ஃபேனையும் இழுத்து வைத்தேன். கரண்ட் பில் ஏறியதே தவிர தூக்கம் வரவில்லை. கடைசியில் வேலையில் நின்றபடியே கண்ணயர்ந்துவிட்டேன். இன்னொரு தடவை தூங்கினால் வேலைக்கு வரவேண்டாம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்.

எதிர்வீட்டு அக்காவுக்கும் எனக்கும் இந்தப் பகல் தூக்கத்தாலேயே ஆகாது. மதியமானால் அவர் வீட்டு டிவியில் சீரியல் அலறும். "அக்கா, உன் டிவிய ஒடைக்கப்போறேன் பாரு" என்று வாசலில் நின்று கத்துவேன்.

"ஒடைச்சிட்டு, புச்சு வாங்கிக் குடுத்துட்டுப் போமே" என்பார், சத்தத்தைக் குறைக்காமல்.

அப்போதுதான் ஷீட்டு வீடுகளுக்கு அரசு இலவசமாக வெள்ளை பெயின்ட் கொடுத்தது. வெயிலைத் திருப்பி அனுப்பும் பெயின்டாம். வீடு குளிர்ந்தால் ஃபேன் குறைவாக ஓடும், கரண்டும் மிச்சமாகும் என்று தெருமுனையில் கூட்டம் போட்டுச் சொன்னார்கள். வீட்டுக்கு ஒரு வாளி, அடிப்பது நம் பொறுப்பு. நான் தூக்கத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததால் என் வீட்டுக்காரர்தான் போய் வாங்கி வந்தார்.

மறுநாள் காலை வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தால் கண் கூசுகிறது. மனிதர் வீட்டுக்குள் சுவர், ஷீட்டின் அடிப்பக்கம் என்று ஓர் இடம் விடாமல் வெள்ளை அடித்து வைத்திருக்கிறார். மீசையும் வெள்ளை.

"இன்னாய்யா பண்ணி வெச்சிக்கீற?"

"வெள்ளை அடிச்சா ஊடு ஜில்லுனு இருக்கும்னாங்கமே. ஜில்லுனு இல்ல?"

"வெயிலு உள்ளயா அடிக்குது? ஷீட்டு மேல அடிக்கணும்யா."

"மேல அடிச்சா யாரு பாக்கப்போறா?"

பொங்கலுக்குப் பொங்கல் வீட்டுக்குள் வெள்ளை அடித்துப் பழகிய கை. கூட்டத்தில் 'வெள்ளை அடிக்கணும்' என்றதும், மீதியை அவர் காதிலேயே வாங்கவில்லை. வாளி காலி. சூடு அப்படியே இருக்க, கண்ணைக் குத்தும் வெளிச்சமும் சேர்ந்துகொண்டது. உட்கார்ந்து அழுதேன். அழுதுகொண்டே திட்டினேன். வேலை போகப்போகுது, போகப்போகுது என்று நான் புலம்பியது தெருவுக்கே கேட்டிருக்கும்.

அடுத்த நாள் காலை பஸ்ஸை விட்டு இறங்கி வந்தபோது, என் வீட்டுச் சுவரில் ஏணி சாய்ந்திருந்தது. எதிர்வீட்டு அக்கா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, நீளக் கம்பில் பிரஷைக் கட்டி, ஷீட்டின் மேல் வெள்ளை அடித்துக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் ஏணியைப் பிடித்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் நின்றார்.

"ஏதுக்கா பெயின்ட்டு?"

"மிச்சம் இருந்துச்சி. போய்ப் படு, பேசிக்கினு நிக்காத."

பெயின்ட் காய்ந்த பிறகு தூங்கினேன் பாருங்கள், அது தூக்கம். ஃபேன் மெதுவாகச் சுற்றினாலே போதுமாக இருந்தது. டேபிள் ஃபேன் பரணுக்குப் போனது. இந்த யோசனையைச் சொன்னவர் யாரோ, அவர் வாயில் சர்க்கரை போடவேண்டும். வாளி பெயின்டில் என் வேலையே தங்கிவிட்டது.

அன்று சாயங்காலம் எழுந்து டீ தம்ளரோடு வாசலுக்கு வந்தேன். தெருவில் ஷீட்டுகளெல்லாம் வெள்ளை வெளேரென்று இருந்தன. எதிர்வீடு மட்டும் பழைய சாம்பல் நிறத்திலேயே இருந்தது.

நேராக உள்ளே போனேன். அந்த வீடு அடுப்பாகக் கொதித்தது. அக்கா வியர்வையைத் துடைத்துக்கொண்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தார். படம் மட்டும் ஓடியது, சத்தம் இல்லை.

"மிச்சம்னியேக்கா. உன் ஊட்டுக்கு எங்க?"

"நான் ராத்திரியில தூங்குறவமே. எனக்கு இன்னாத்துக்கு?" என்றார், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டிவைத்துவிட்டு, அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.