தவசி வண்டி மாறிய ஆவணி

போடிநாயக்கனூரில் தவசியைக் கெட்டிக்கார டிரைவர் என்று சொன்னவர்கள் எல்லாம், அவன் மலையிலிருந்து லாரியை இறக்கும் விதத்தை வைத்துத்தான் சொன்னார்கள். ஏற்றுவது பெரிய காரியமில்லை, எஞ்சின் ஏற்றிவிடும். போடிமெட்டிலிருந்து முந்தல் அடிவாரம் வரைக்கும் ஏலக்காய் மூட்டையோடு இறங்குவதில்தான் ஆள் யார் என்று தெரியும். வளைவுகளைத் தவசி கியரில் பிடித்துத் திரும்புவான். வளைவு தாண்டி நேர் இறக்கம் வந்ததும் நியூட்ரலில் போட்டு, இடது கையால் சாவியைத் திருகி எஞ்சினை அணைத்துவிடுவான். வண்டி சத்தமில்லாமல் இறங்கும். அடுத்த வளைவு வருமுன் மறுபடி எஞ்சின். பெட்ரோலை இப்படி மிச்சம் பிடிப்பதால் முதலாளி அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். ஒன்பது வருஷம் இந்தக் கூத்து நடந்தது. அது உலகச் சண்டைக்காலத்துப் பழைய லாரி, கம்பி இழுத்துப் பிடிக்கிற பிரேக். எஞ்சின் ஓடினாலும் அணைந்தாலும் அமுக்கினால் பிடிக்கும்.

1954 ஆவணியில் ஏலக்காய் வியாபாரி ஜஹாங்கீர் ராவுத்தர் புது லாரி வாங்கித் தவசியைக் கூப்பிட்டார். மலையில் காய் எடுப்பு தொடங்கியிருந்த நேரம்.

"மாறணும்னா மாசியில மாறுங்க," என்றாள் அவன் மனைவி பொன்னுமணி. "காய் எடுப்பு முடிஞ்சு, மதுரை ரோட்டுல ரெண்டு மாசம் ஓட்டிப் பழகிட்டு மலைக்குப் போகலாம்ல?"

நல்ல யோசனைதான். ஆனால் ராவுத்தர், "இப்ப வந்தா வா தவசி, இல்லேன்னா வேற ஆள் பாத்துக்கிறேன்," என்றுவிட்டார். புது வண்டியின் பெயிண்ட் வாசம் இவனையும் விடவில்லை. பழைய லாரியை விட்டு இறங்கிய மறுநாளே அதில் சோணை என்பவன் ஏறி உட்கார்ந்துவிட்டான்.

புது லாரியை ஒப்படைத்த மெக்கானிக் ஒன்றைத் திருப்பித் திருப்பிச் சொன்னார். "இது வேக்கம் பிரேக்கு. எஞ்சின் ஓடுனாத்தான் இதுக்கு உசிரு. அணைச்சீன்னா ரெண்டு அமுக்குக்குக் கேக்கும். மூணாவதுக்குப் பெடலு கல்லு மாதிரி ஆயிரும்."

தவசிக்கு நன்றாகவே புரிந்தது. தலைக்குப் புரிந்தது கைக்கும் புரிய வேண்டுமே! முதல் இறக்கத்திலேயே இடது கை அதுபாட்டுக்குச் சாவியிடம் போனது. பதறிப் பிடுங்கிக்கொண்டான். அன்றைக்கே நாலு தடவை போனது. முந்தல் வந்து சேர்ந்தபோது சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. தன் கையைப் பார்க்கவே அவனுக்குப் பயமாக இருந்தது.

சனிக்கிழமை வந்தது. வாரக்கூலி வாங்கிய காய் எடுக்கும் பெண்கள் பதினெட்டுப் பேர் மூட்டைகளின் மேல் ஏறிக்கொண்டார்கள். மேலே ஒரே பாட்டும் சிரிப்பும். அதில் கவனம் போன ஒரு நிமிஷத்தில் கை தன் வேலையைப் பார்த்துவிட்டது. எஞ்சின் ஓய்ந்ததே அவனுக்கு உறைக்கவில்லை. முதல் அமுக்கு பிடித்தது. இரண்டாவது அரைகுறை. மூன்றாவதுக்குப் பெடல் அசையவில்லை. முன்னால் வளைவு, அதற்கப்பால் ஆகாயம்.

சாவியைத் திருகி, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இரண்டாவது கியரை அடித்துச் செருகினான். வண்டி ஒரு குதி குதித்து எஞ்சின் பற்றிக்கொண்டது. பிரேக் திரும்பி வந்தது. வளைவில் வெளிச்சக்கரம் ஓரக்கல்லை உரசிக்கொண்டு போனது.

முந்தலில் இறங்கிய பெண்களில் மூத்தவள் மொக்கம்மாள், "என்னாப்பு, பொசுக்குனு ஒரு குலுக்குக் குலுக்கிட்ட? மத்தபடி தொட்டில்ல வந்தாப்ல இருந்துச்சு," என்று சிரித்தாள். தவசி ஓரக்கல் உரசிய சக்கரத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

மாசி வரைக்கும் சமவெளி லோடு மட்டும் கொடுங்கள் என்று ராவுத்தரிடம் கெஞ்சினான். "மலைக்குன்னுதானேப்பா வண்டியே எடுத்தேன்?" என்றார் அவர். திரும்பிப் போகப் பழைய லாரியும் இல்லை. அந்த வாரம் முழுக்க ஆள் ஏற்றாமல் மூட்டைகளோடு மட்டும், இடது கையைத் தொடைக்கடியில் சொருகிக்கொண்டு இறங்கினான். கியர் மாற்ற எடுத்தால் போதும், அது சாவியைத் தேடியது.

அடுத்த சனிக்கிழமை போடிமெட்டில் பெண்கள் ஏறுமுன், மொக்கம்மாளைத் தனியே கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டான்.

"அப்ப போன வாரம், நாங்க பாடிக்கிட்டு வந்தமே…"

"ஆமாக்கா. அப்பத்தான்."

"நாசமாப் போறவனே!" மொக்கம்மாள் லாரியை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

"வண்டி நழுவுனா சக்கரத்துக்கு அண்டக் குடுக்க, கிளீனரு கட்டையோட பின்னால நிக்கணும். நீ முன்னால வந்து ஒக்காருக்கா. ஏங் கை சாவிக்குப் போனா ஓங்கி அடி. சனிக்கெழம வேற வண்டி இல்ல."

மொக்கம்மாள் போய் எல்லாரிடமும் உடைத்துச் சொன்னாள். ஏழு பேர் மூட்டை முடிச்சைத் தூக்கிக்கொண்டு குறுக்குப் பாதையில் நடக்கத் தொடங்கினார்கள். மற்றவர்கள் மூட்டைக் கயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டு ஏறினார்கள். மொக்கம்மாளின் மகள் செல்லக்கிளியும் லாரியில் கால் வைத்தாள்.

"நீ எறங்கு. அவுகளோட நடந்து வா."

"நீ வரலையாத்தா?"

"நான் இதுல வர்றேன். வெரசா நட."

மகள் பாதையில் இறங்கி மறையும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மொக்கம்மாள் தவசிக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். அவன் கை வருவதற்கெல்லாம் அவள் காத்திருக்கவில்லை. வண்டி கிளம்பியதுமே சாவியின் மேல் உள்ளங்கையைப் பொத்தி வைத்துக்கொண்டாள்.

முதல் நேர் இறக்கத்தில் தவசியின் இடது கை தானாகக் கிளம்பி, அவள் புறங்கையில் போய் முட்டியது.

"ரோட்டப் பாருப்பு," என்றாள் அவள். பொத்திய கை சாவியை விட்டு நகரவில்லை.