எந்த ஊரிலும் விருந்தாளியாக இருக்க மறுத்த எங்கள் அக்கா

அக்கா மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில் இந்நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும், அவருடைய ஒரே தங்கையாகிய என் வணக்கம். இப்படிப்பட்ட மலர்களில், மறைந்தவர் அள்ளிக் கொடுத்தவர், இல்லையென்று சொல்லத் தெரியாதவர் என்று எழுதுவது வழக்கம். எங்கள் அக்காவுக்கு இல்லையென்று சொல்ல நன்றாகவே தெரியும். உங்களில் பலரிடம் முகத்துக்கு நேரே சொல்லியும் இருக்கிறார். அதற்காக அவரைக் கஞ்சம் என்றீர்கள். வருடத்தில் பாதி இங்கே கண்டிப் பக்கத்துக் கெலிஓயாவில், பாதி கடல் கடந்து திருச்சியில் என்று அவர் போய் வந்ததைப் பார்த்து, ஓரிடத்தில் தரிக்காத கால் என்றீர்கள். இத்தனை வருடமும் நான் வாயை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தேன். இன்று மலரில் நான்கு பக்கம் எனக்குத் தந்திருக்கிறார்கள். நீங்கள் கேளுங்கள்.

அக்கா பன்விலவுக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், லயத்து வரிசையில் ஒற்றையறைக் காம்பராவில் பிறந்தார். அப்பாவுக்குத் தொழிற்சாலையில் வேலை, அம்மாவுக்கு மலையில் கொழுந்து பறிக்கும் வேலை. அக்கா உயர்தரம் படித்துக்கொண்டிருந்தபோது அம்மா நோயில் விழுந்தார், அப்பாவுக்கும் வேலையிலிருந்து நிற்கும் வயது வந்தது. தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்பவர் ஒருவராவது இருந்தால்தான் அந்த ஒற்றையறை எங்களுக்கு. தோட்டத்துக் கணக்கப்பிள்ளை வாசலில் வந்து நின்றார். "பெரிய புள்ளைய பேரு பதியச் சொல்லுங்க. இல்லாட்டி காம்பராவ விடணும், நான் என்ன செய்ய?" என்றார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அக்கா புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து வந்தார். "காம்பராவ எடுத்துக்கங்க. நான் பேரு பதிய மாட்டேன்" என்றார். பதினெட்டு வயதுப் பெண் பிள்ளை! கணக்கப்பிள்ளையே கொஞ்சம் திகைத்துத்தான் போனார்.

அப்பாவுக்குக் கெலிஓயாவில் ஒரு கடைக் களஞ்சியத்தில் காவல் வேலை கிடைத்தது. பாத்திரம் பண்டங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டு நாங்கள் கிளம்பினோம். லயத்துக் கதவைச் சாத்திய பிறகு அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "நமக்குன்னு ஒரு கதவு வேணும்டி. அதத் தொறக்கவும் பூட்டவும் ஒருத்தர் முன்னாலயும் போய் நிக்கக் கூடாது." அவர் அழவில்லை. நான்தான் அழுதேன். அக்காவின் வாழ்க்கையில் அதற்குப் பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் காரணம் அந்த ஒரு பேச்சுத்தான்.

பரீட்சை எழுதித் தபால் கந்தோரில் வேலைக்குச் சேர்ந்தார். கண்டியில் இரும்புச் சாமான் கடையில் வேலை செய்த அத்தானைக் கட்டினார். இருவருமாகக் கெலிஓயாவில் ஒரு துண்டுக் காணி வாங்கி, ஒரு வருடம் அத்திவாரம், ஒரு வருடம் சுவர், இன்னொரு வருடம் கூரை என்று அந்த வீட்டைக் கட்டினார்கள். நான் ஆசிரியர் கலாசாலையில் படித்த காலமெல்லாம் என் சாப்பாட்டுச் செலவு அக்காவினுடையது. கஞ்சம் என்றவர்கள் இந்த வரியை இரண்டு தரம் படிக்கவும். வீட்டுக்குச் சுண்ணாம்பு பூசுமுன் அத்தான் மாரடைப்பில் போய்விட்டார். மகனோ பள்ளிக்கூடம் போகும் பிள்ளை. அக்கா பஸ்ஸில் போய், கண்டி குட்செட் நிலையத்தில் ஏறிப் பஸ்ஸிலேயே திரும்பி, ஒரு நாளும் முச்சக்கர வண்டியில் காலை வைக்காமல் மகனைப் படிக்க வைத்தார். மகன் திருச்சிக்கு மேற்படிப்புக்குப் போய், அங்கேயே வேலை, அங்கேயே கல்யாணம் என்று தங்கிவிட்டார்.

அக்கா ஓய்வு பெற்றதும் மகன் தொலைபேசியில் கெஞ்சினார். "அம்மா, வீட்ட வித்துட்டு இங்க வந்துருங்களேன். தனியா அங்க என்ன செய்யப் போறீங்க?" அக்கா சொன்ன பதில் எனக்கு அட்சரம் பிசகாமல் நினைவிருக்கிறது. "வித்துட்டு வந்தா உன் வீட்ல எனக்கு ஒரு மூலை கெடைக்கும். வச்சிட்டு வந்தா நான் உன் அம்மாவா வருவேன். எது வேணும்?" மகனுக்கு அம்மாதான் வேண்டியிருந்தது.

இரண்டு நாட்டில் வாழ்வதற்கு ஒரு தபால்காரியின் ஓய்வூதியம் போதுமா? போதாது. போதவைத்தார். வீட்டின் இரண்டு அறைகளைப் பேராதனையில் படிக்கும் பெண் பிள்ளைகளுக்கு வாடகைக்கு விட்டார். அந்த வாடகையில் விமான டிக்கட். கூட்டமில்லாத மாதம் பார்த்து, டிக்கட் விலை இறங்கும்வரை காத்திருந்து வாங்குவார். திருச்சியில் மருந்து மலிவு என்று அங்கே வைத்தியரைப் பார்த்துத் தன் மாத்திரைகளை வாங்கி வருவார். இங்கிருந்து தேயிலையும் மாசிக் கருவாடும் கித்துள் கருப்பட்டியும் போகும். ஓய்வூதியக்காரர் வருடத் தொடக்கத்தில் தாம் உயிரோடு இருப்பதைக் காட்ட வேண்டும் என்பதால் தைப்பொங்கலுக்கு முன் வந்துவிடுவார். "உசிரோட இருக்கேன்னு அரசாங்கத்துக்குக் காட்டிட்டுத்தான் சூரியனுக்கே பொங்கல் வைப்பேன்" என்பார்.

"வரும்போது நாலு சேலை வாங்கிட்டு வாங்க" என்று கேட்டவர்களுக்கெல்லாம் அக்கா சொன்ன பதில் "என் பெட்டியில எடமில்ல" என்பதுதான். உண்மையிலேயே இடமில்லை. தன் உடுப்பும் மாத்திரையும் போக என்ன மிஞ்சும்? அதற்காக ஒரு வீட்டில் அவருக்கு மூன்று வருடம் கல்யாணப் பத்திரிகை கூட அனுப்பவில்லை. அனுப்பாதவர்களுக்கும் இம்மலர் அனுப்பப்பட்டுள்ளது.

அந்தக் குக்கர் வெயிட் கதையைச் சொல்லி நீங்கள் சிரிப்பது எனக்குத் தெரியும். நானே சொல்லிவிடுகிறேன். அக்காவுக்குக் கெலிஓயாவில் ஒரு பிரஷர் குக்கர், திருச்சியில் ஒரு பிரஷர் குக்கர். ஆனால் விசில் அடிக்கும் வெயிட் ஒன்றுதான். இங்குள்ளது எப்போதோ தொலைந்துவிட்டது. அதனால் அதைக் கைப்பையில் போட்டுக்கொண்டே போவார், வருவார். மருமகள் சொல்லிப் பார்த்தார். "அத்தை, கடையில சும்மா சல்லிசா கிடைக்கும், ஒண்ணு வாங்கித் தரேனே." "வாங்கினா ஒண்ணு எப்பவும் சும்மா கெடக்கும்மா. நான் இருக்குற எடத்துல தானே சோறு வேகுது" என்றார் அக்கா. ஒரு தடவை திருச்சி விமான நிலையத்தில் பையைச் சோதித்த பையன் அதைத் தூக்கிப் பிடித்தான்.

"என்னம்மா இது?"

"குக்கர் வெயிட்டு தம்பி."

"குக்கர் எங்க?"

"ஒண்ணு அங்க, ஒண்ணு இங்க."

அவன் சிரித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தானாம். இன்னொரு தடவை அதைத் திருச்சியிலேயே மறந்துவிட்டு வந்தார். அந்த முறை இங்கிருந்த நாளெல்லாம் பருப்பை முதல் நாளே ஊறப்போட்டுத் திறந்த சட்டியில் வேகவைத்தார். கேஸ் எவ்வளவு வீணாகும் என்று நான் கணக்குச் சொன்னதற்கு, "வாத்தியாரம்மா, நீங்க கொஞ்சம் சும்மா இருங்க" என்றார். பிடிவாதமா என்று கேட்டால், ஆமாம், பிடிவாதம்தான். அந்தப் பிடிவாதத்தில்தான் எங்கள் குடும்பத்துக்கு முதல் கதவு கிடைத்தது.

பிறகு நாடே எரிபொருளுக்கு வரிசையில் நின்ற வருடம் வந்தது. ரூபாயின் பெறுமதி விழுந்தது. ஓய்வூதியம் அதே ஓய்வூதியம், டிக்கட் விலை மட்டும் எங்கேயோ போய்விட்டது. "இனி ஒரு ஊர்ல இருங்க" என்று எல்லோரும் சொன்னோம். சொந்தக்காரர் ஒருவர் அந்த நேரம் பார்த்து வீட்டை விலைக்குக் கேட்டு வந்தார், அடிமாட்டு விலைக்கு. அக்கா அவருக்குப் பிளேன் டீ ஊற்றிக் கொடுத்து, உள்ளங்கையில் ஒரு துண்டு கருப்பட்டியும் வைத்தார். "சீனி இல்ல. இதக் கடிச்சிக்கிட்டுக் குடிங்க. குடிச்சிட்டுப் போயிட்டு வாங்க" என்றார். தான் படுத்த அறையையும் பிள்ளைகளுக்கு வாடகைக்குக் கொடுத்துவிட்டு, முன்கூடத்தில் கட்டில் போட்டுக்கொண்டார். அந்த வருடமும் பேரப்பிள்ளையின் பிறந்தநாளுக்குத் திருச்சியில் இருந்தார், தன் சொந்த டிக்கட்டில்.

எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு மரண உதவிச் சங்கத்தைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. தெரியாதவர்களுக்காக எழுதுகிறேன். கெலிஓயாவில் அக்காவின் தெருவுக்கு ஒரு சங்கம் உண்டு. மாதச் சந்தா கட்ட வேண்டும். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் சங்கம் பந்தல் கட்டும், உட்காரக் கதிரை போடும், வெள்ளைக் கொடி கட்டும், அங்கத்தவர்கள் வந்து வேலை செய்வார்கள். அக்கா சந்தாவை முன்கூட்டியே கட்டிவிட்டுத்தான் விமானம் ஏறுவார். ஆனாலும் ஒரு பொதுக்கூட்டத்தில் அவர் பேரை வெட்ட வேண்டும் என்று பேச்சு எழுந்தது. சங்கத் தலைவர் அந்தத் தெருப் பலசரக்குக் கடை முதலாளி. அவரும் அதே கட்சிதான்.

"தங்கச்சி, சந்தா மட்டும் கட்டினா போதாது. சாவு வீட்டுக்கு ஆள் வேணும். நீங்க பாதி வருசம் இங்க இல்ல. உங்க வீடு எதுன்னு மொதல்ல நீங்க முடிவு பண்ணுங்க" என்றார் அக்காவிடம்.

நானும் அந்தக் கூட்டத்தில் அக்காவுக்குத் துணையாக இருந்தேன். அக்காவின் முகம் சிவந்துவிட்டது. லயத்து வாசலில் கணக்கப்பிள்ளை நின்ற அன்றைக்குப் பார்த்த அதே முகம்.

"முதலாளி, நான் இங்கதான் சாவேன்னு எழுதிக் குடுக்கணுமா? அத எழுதிக் குடுக்க உங்களால முடியுமா?" என்றார். கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. "சங்கத்துக் கதிரையும் பந்தல் சாமானும் வைக்க வாடகைக்குக் கடை பிடிச்சிருக்கீங்க. எவ்வளவு காசு வீணாப் போகுது! என் வீட்டுப் பின்னறை சன்னல் இல்லாத அறை, வாடகைக்கு விட முடியாம சும்மா கெடக்கு. அங்க கொண்டாந்து அடுக்குங்க, வாடகை வேணாம். நான் இருந்தா நானும் வந்து வேலை செய்வேன். நான் இல்லாத நாள்ல என் வீடு வேலை செய்யும். இப்ப சொல்லுங்க, பேர வெட்டுறீங்களா?"

வெட்டவில்லை. அடுத்த வாரமே கதிரைகள் வந்து இறங்கின. சாவி பக்கத்து வீட்டு நானாவிடம். முஸ்லிம் வீட்டு அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் அழைப்போம். அவர் முச்சக்கர வண்டி ஓட்டுபவர், எப்போதும் தெருவில் இருப்பவர். சாமான் வைக்க வாடகை கொடுப்பது நின்றதால் சங்கத்துக்கு மிச்சம், பின்னறைக்கு ஆள் நடமாட்டம் வந்ததால் எலித் தொல்லை குறைந்து அக்காவுக்கும் மிச்சம்.

சென்ற வருடம் திருச்சியில், ஊர் திரும்பச் சில நாட்களே இருக்கும்போது, பகல் சாப்பாட்டுக்குப் பின் நெஞ்சு வலிக்கிறது என்று படுத்த அக்கா எழுந்திருக்கவில்லை. மகன் தொலைபேசியில் குழந்தை மாதிரி அழுதார். இங்கே கொண்டுவருவதா, அங்கேயே முடிப்பதா என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும். அக்கா எங்கள் எல்லோரிடமும் பல தடவை சொல்லியிருக்கிறார். "எந்த ஊர்ல மூச்சு நிக்குதோ அந்த ஊர்லயே எரிச்சிடுங்க. பொணத்துக்கு டிக்கட் எடுக்குற கூத்து என் குடும்பத்துல நடக்கக் கூடாது." அப்படியே நடந்தது. அதற்கும் சிலர், செத்தும் கஞ்சத்தனம் போகவில்லை என்று பேசினீர்கள். பேசுங்கள். உயிரோடு இருந்தபோதே அவர் அதைச் சட்டை செய்யவில்லை.

என் கடவுச்சீட்டு காலாவதியாகியிருந்தது. அக்காவின் முகத்தை நான் கடைசியாகப் பார்க்கவில்லை. எங்கே போய் அழுவது என்று தெரியாமல், நான் இருக்கும் கண்டியிலிருந்து பஸ் ஏறிக் கெலிஓயாவுக்குப் போனேன். அக்கா இல்லாத வீட்டின் வாசற்படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருவோம் என்றுதான் நினைத்தேன்.

தெரு முனையிலேயே வெள்ளைக் கொடி பறந்தது. வீட்டு முன்னால் பந்தல் கட்டிக்கொண்டிருந்தார்கள். நானா பின்னறையைத் திறந்துவிட்டு, கதிரைகளைத் தலையில் சுமந்து கொண்டுவந்தார். வாடகைக்கிருந்த பிள்ளைகள் அக்காவின் அடுப்பில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார்கள். முன்கூடத்தில் அக்காவின் கட்டில் மேல் அவருடைய படமும் ஒரு விளக்கும். அக்காவின் சாவுக்கான கதிரைகள் அக்காவின் வீட்டிலிருந்தே வந்தன, ஏற்றிவரும் கூலி கூட இல்லாமல். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

வீட்டை விலைக்குக் கேட்ட அதே சொந்தக்காரர் வந்தார். சுற்றிப் பார்த்துவிட்டு, "பொணமே இல்லாத வீட்டுக்கு என்னாத்துக்குப் பந்தல்?" என்று கேட்டார்.

பதில் சொன்னவர் சங்கத் தலைவர். ஒரு கதிரையைத் துண்டால் துடைத்துப் போட்டு, அதில் தானே உட்கார்ந்துகொண்டு சொன்னார். "பொணம் திருச்சியில இருக்கலாம். வீடு இங்கதானே இருக்கு? நீங்களும் உக்காருங்க."

அவர் உட்கார்ந்தார்.

அக்காவை அங்கே தோள் கொடுத்து அனுப்பிவைத்த திருச்சி உறவினர்களுக்கும் அயலவர்களுக்கும், இங்கே மூன்று நாள் பந்தலைப் பிரிக்காமல் இருந்த சங்கத்தாருக்கும், தேத்தண்ணி ஊற்றிய பிள்ளைகளுக்கும், நானாவுக்கும், இன்றைய திதிக்குக் கடல் கடந்து வந்திருக்கும் மகனுக்கும் மருமகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மருமகள் தன் கைப்பையில் அந்தக் குக்கர் வெயிட்டைக் கொண்டுவந்திருக்கிறார். இன்றைய படையலுக்குப் பருப்பு அதை வைத்துத்தான் வேகும். போகும்போது திரும்ப எடுத்துப் போவதாகச் சொல்கிறார். வேண்டாம் என்று நாங்கள் யாரும் சொல்லவில்லை.

கேட்கக் காத்திருப்பவர்களுக்காக மகனின் சம்மதத்துடன் எழுதுகிறேன்: வீடு விற்பனைக்கு இல்லை. சங்கத்துக் கதிரைகள் பின்னறையில்தான் இருக்கின்றன, சாவி நானாவிடம் இருக்கிறது. சாவு விழுந்த வீட்டார் எவரும் எந்த நேரமும் வந்து திறந்து எடுத்துக்கொள்ளலாம். யார் முன்னாலும் போய் நிற்க வேண்டியதில்லை.