வேலிக்கு உள்ளே ஒரு பிடி சோறு

என் வாழ்க்கையில் நான் காட்டிய வீரம் மொத்தமும் ஒரு பிடி சோறு அளவுதான். அதையும் மைனாக்கள் தின்றுவிட்டன.

மலாயாவில் வெள்ளைக்காரன் அறிவித்த அவசரகாலம். மலாக்காப் பக்கம் மெர்லிமாவுக்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் தமிழ்ப் பள்ளி வாத்தியார். இருபத்து மூன்று வயது, அரைகுறை மீசை. தொழிலாளர் குடியிருந்த லயங்களையும் பள்ளியையும் சேர்த்து முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடுமாம்; ஒரு பருக்கை வேலி தாண்டக் கூடாது. பால் வெட்டப் போகிறவர்களின் தூக்குச்சட்டியைக் கேட்டில் திறந்து, முகர்ந்து பார்த்துத்தான் விடுவார்கள். வெறும் தேத்தண்ணியோடு மத்தியானம்வரை மரம் சீவ வேண்டும்.

இந்த லட்சணத்தில்தான் மலாக்கா டவுனில், பழைய சாமான் கடையொன்றில், இயற்கையை ரசிக்கச் சொல்லித்தரும் இங்கிலீஷ் படப் புத்தகம் ஒன்றை வாங்கிவந்தேன். அட்டை இல்லை. அணிலின் பாதி முகத்தைக் கரப்பான் ஏற்கெனவே ரசித்திருந்தது. வெளியே போ, மரத்தைத் தொட்டுப் பார் என்று பக்கத்துக்குப் பக்கம் உபதேசம். வெளியே போனால் பாஸ் கேட்பார்கள் என்பது எழுதியவருக்குத் தெரியாது, பாவம்.

கடைசிப் பக்கத்தில் பனி. அது என்ன என்று பிள்ளைகள் கேட்டார்கள். நான் மட்டும் என்ன கண்டேன்?

"வானத்திலேர்ந்து சீவிப்போட்ட ஐஸ் கச்சாங் கொட்டுது. சிரப்பு மட்டும் ஊத்தல."

வகுப்பே பெருமூச்சு விட்டது. அந்தப் பனியில் ஒரு பையன் தன் வீட்டு வேலிக்கு அப்பால் இருந்த பறவைகளுக்குத் தானியம் வீசிக்கொண்டிருந்தான். 'உன் சாப்பாட்டில் அவற்றுக்கும் கொஞ்சம் கொடு' என்று கீழே இருந்ததைத் தமிழில் சொன்னேன்.

மறுநாள், நான்காம் வகுப்புப் பெண்ணொருத்தியின் தலைமையில், பிள்ளைகள் வீட்டிலிருந்து ஆளுக்கொரு பிடி சோறு கொண்டுவந்து, படத்தில் இருந்தபடியே, முள்கம்பிக்கு வெளியே வீசினார்கள். காவல்காரன் அந்தப் பெண்ணைப் பிடித்து, தோட்ட மானேஜரான வெள்ளைக்காரத் துரையின் ஆபீசுக்குக் கொண்டுபோனான். புத்தகமும் கையுமாக நான் பின்னால் ஓடினேன். சோறு வெளியே போனால் ஜெயில். பிள்ளைக்கு இல்லை, அவள் அப்பனுக்கு.

"யாரு சொல்லிப் போட்ட?" என்று ஆபீசில் கணக்கெழுதும் கிராணி அதட்டினார்.

அவள் என் பக்கம் திரும்பவேயில்லை. "மைனாதாங்க பசிக்குதுன்னு சொல்லுச்சு."

அதற்கு மேல் நான் சும்மா நின்றால் மீசையை எடுத்துவிட வேண்டியதுதான். "நான்தான் சொன்னேன்" என்றேன்.

துரை தோட்டத்துத் தமிழில் கேட்டார்: "வாத்தியார், காட்டுல ஆள் இருக்கு. தெரியாதா?"

"தெரியும் தொரே. ஆனா மண்ணுல கெடக்கிற சோத்தப் பொறுக்கித் திங்க அவங்க வந்துட்டாங்கன்னா, நீங்க சண்டையில ஜெயிச்சாச்சுலா."

இதைச் சொன்னது என் வாய். எனக்கு அதில் சம்பந்தமில்லை.

துரை புத்தகத்தைப் புரட்டினார். பனிப் படம் இருந்த பக்கத்தில் நிறுத்தினார். "பொண்ணு போகட்டும். அப்பன் மேல கேஸ் இல்ல. அந்தப் பக்கம் மட்டும் நீ கிழி. இனி சோறு வெளிய போச்சு, உனக்கு இங்க வேல இல்ல."

கிராணி கத்தரிக்கோலை நீட்டினார்.

"சோறு வெளிய போகாது தொரே. அதுக்கு நான் பொறுப்பு. பக்கத்தக் கிழிக்க மாட்டேன்."

"ஒங்க புஸ்தகமா கஞ்சி ஊத்தப் போவுது, வாத்தியாரே?" என்றார் கிராணி.

துரை புத்தகத்தை மூடி, என் பக்கம் தள்ளிவிட்டார். கத்தரிக்கோல் மேசைமேல் கிடந்தது.

அடுத்த நாள் மத்தியானம் பிள்ளைகளை வரிசையாக அழைத்துப் போனேன். வேலிக்கு உள்ளே, ஒரு முழம் தள்ளி, சோற்றை வைக்கச் சொன்னேன். விஷயம் கேள்விப்பட்டுக் கிராணியே வந்து நின்றார். மைனாக்கள் முள்கம்பியில் வந்து உட்கார்ந்தன, உள்ளே குதித்தன, தின்றன. வயிறு நிறைய எங்கள் சோற்றை எடுத்துக்கொண்டு நேராகக் காட்டுப் பக்கம் பறந்தன. கிராணி காவல்காரனைப் பார்த்தார். காவல்காரன் வானத்தைப் பார்த்தான்.

"சார், நாளைக்கும் போடலாமா?" என்றாள் அந்தப் பெண்.

"தெனமும் போடலாம்" என்றேன், ஆபீஸ்வரைக்கும் கேட்கட்டும் என்று.