ஏழுமலை ஊரில் இல்லை என்று சொன்ன தெரு

ஆற்றுச் சேற்றில் கைவிட்டுப் பிழைக்கிற என் குரலையும் கேட்கிற கர்த்தருக்கு முதலில் நன்றி. சகோதர சகோதரிகளே, போன வருஷம் ஐப்பசி மாதம் என் வீட்டுக்காரர் ஏழுமலை ஜெயில் வாசல் வரைக்கும் போனார். அவரை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது எங்கள் தெருதான். அதுவும் அவர் மேல் வைத்த பாசத்தால்.

நாங்கள் இருளர். எண்ணூர் முகத்துவாரத்துக்கு உள்ளே, ஆற்றை ஒட்டி எங்கள் குடிசைகள் இருக்கின்றன. எங்களுக்குப் படகும் கிடையாது, வலையும் கிடையாது. தண்ணீர் வற்றும் நேரத்தில் இடுப்பளவு ஆற்றில் உட்கார்ந்து, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்போம். பிடித்ததைப் போட, பறி என்கிற ஓலைக்கூடையைப் பல்லில் கடித்துத் தொங்கவிட்டுக் கொள்வோம். அதனால் வேலை நேரத்தில் எங்களில் யாராலும் பேச முடியாது. கரை ஏறியதும் வட்டியும் முதலுமாகச் சேர்த்துப் பேசிவிடுவோம்.

அந்த ஐப்பசிக்குச் சில மாதம் முன்னால், ஆற்று வாய்க்காலை மறித்து வலை கட்டிய ஒரு ஆளோடு என் வீட்டுக்காரருக்குச் சண்டை வந்தது. இவர் தள்ளியதில் அந்த ஆள் படகுக்குள் விழுந்து கை முறிந்துவிட்டது. கேஸ் நடந்தது. இவர் செய்ததை ஒப்புக்கொண்டார். முதல் குற்றம் என்பதால் ஜட்ஜ் ஐயா ஜெயிலுக்கு அனுப்பாமல், ஒரு வருஷம் நன்னடத்தையில் விட்டார்.

அப்படி ஒன்று இருப்பதே எங்களுக்கு அன்றுதான் தெரியும். நன்னடத்தை அலுவலர் என்று ஒருவர் இருக்கிறார். மாதம் ஒரு தடவை அவருடைய ஆபீசில் போய் ஆஜராக வேண்டும். அவரும் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு வருவார். ஆள் எப்படி இருக்கிறான், வேலைக்குப் போகிறானா, வம்புதும்பு உண்டா என்று அக்கம்பக்கத்தில் விசாரிப்பார். பார்த்ததையும் கேட்டதையும் கோர்ட்டுக்கு எழுதுவார். அவரைக் கேட்காமல் வேறு ஊரில் போய்க் குடியிருக்கக் கூடாது. இருந்தால் கோர்ட் மறுபடியும் கூப்பிட்டு, கொடுக்காமல் விட்ட தண்டனையைக் கொடுத்துவிடும்.

முதலில் இருந்த சார், எங்கள் சபை பாஸ்டர் ஐயாவின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வருவார். தெருவுக்கே பழகிய முகம். எந்த ஆபீஸ், எதற்கு வருகிறார் என்று யாரும் கேட்டுக்கொண்டதில்லை. அவர் மாற்றலாகிப் போனதும் ஒரு மேடம் வந்தார். எங்கள் இடம் அவருக்குத் தெரியாது. வழி காட்டுவதற்கு ஒரு போலீஸ்காரரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

வினையே அதில்தான் வந்தது. எங்கே திருட்டுப் போனாலும் எங்கள் ஆண்களைத் தேடி வந்த காலத்தைப் பார்த்தவர்கள் நாங்கள். காக்கிச் சட்டை யார் பெயரைச் சொல்லிக் கேட்டாலும், "அவன் இங்க இல்ல" என்பதுதான் எங்கள் சனத்தின் வழக்கம். யாரும் யோசித்துச் சொல்வதில்லை. தும்மல் மாதிரி தானாக வந்துவிடும்.

அன்று நான் மார்க்கெட்டில் இறால் விற்றுக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் ஆற்றில் இருந்தார். தெருமுனை வீட்டு ராணியிடம்தான் மேடம் முதலில் கேட்டிருக்கிறார். ராணி எனக்குக் கூடப் பிறக்காத தங்கை. இல்லை என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். எதையும் அளவோடு செய்யத் தெரியாதவள் அவள்.

"ஏழுமலையா? அவன் பழவேற்காடு பக்கம் போயி மாசக்கணக்கா ஆவுது மேடம். அங்கியே இன்னொருத்திய கட்டிகினு குடும்பம் நடத்திகினு கீறான்."

அடுத்த வீட்டில் கும்மிடிப்பூண்டி என்றார்கள். அதற்கடுத்த வீட்டில் ஆந்திராவுக்கே அனுப்பிவிட்டார்கள். மேடம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு போய்விட்டார்.

சாயங்காலம் நான் வந்ததும் ராணி சிரித்துக்கொண்டே ஓடிவந்தாள். "மாமாவ காப்பாத்திட்டேன் அக்கா. போலீசோட ஒரு அம்மா வந்துச்சி. நன்னடத்தைன்னு இன்னாமோ சொல்லிச்சி. ஒரே போடா போட்டு அனுப்பிட்டேன்."

 அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் இரண்டு பேரும் ஆபீசுக்கு ஓடினோம். மேடம் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை.

"மாசா மாசம் நீங்க இங்க வர்றீங்க, சரி. பஸ் ஏறினா எந்த ஊர்ல இருந்தும் வரலாமே. நீங்க அங்கதான் குடியிருக்கீங்கன்னு நான் எதை வச்சு எழுதறது? உங்க தெருவே இல்லைன்னு சொல்லுது."

"பொய் சொல்லிட்டாங்கோ மேடம்" என்றேன்.

"அப்ப அவங்கதானே வந்து சொல்லணும்? வெள்ளிக்கிழமை நான் அறிக்கை அனுப்பியாகணும்."

நியாயமான பேச்சு.

தெருவில் ஒவ்வொரு வீடாகப் போய்க் கெஞ்சினேன். "பொய் சொன்னோம்னு நாங்களே போயி சொன்னா, எங்கள புடிச்சி உள்ள வச்சிருவாங்கோ" என்றார்கள். ராணி கதவையே திறக்கவில்லை. மூட்டிவிட்டவளே ஒளிந்துகொள்கிறாளே என்று எனக்கு ஆத்திரம் வந்தது. என் வீட்டுக்காரர் பறிக்கு ஓலை பின்னிக்கொண்டிருந்தார். நான் ஜெயிலுக்குப் போனால் நீ இரண்டு பறி தூக்க வேண்டிவரும் என்று மட்டும் சொன்னார். அதைக் கேட்டு அழுதேன்.

பாஸ்டர் ஐயா வீட்டுக்கு வந்து எங்களோடு முழங்காலில் நின்றார். வெள்ளிக்கிழமை வரை உபவாசம் இருந்தேன். என் ஜெபம் ஒரே ஜெபம்தான். "ஆண்டவரே, அந்த மேடத்தின் மனதை இளக்கும். கல்லைத் தண்ணீராக மாற்றுகிறவரே, அந்த அம்மாவை மாற்றும்." வேறு எதுவும் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை அமாவாசை. மழைக்குப் பிறகு வந்த அமாவாசைத் தண்ணீரில் இறால் கொத்துக்கொத்தாக வரும். அன்றைக்கு ஆற்றில் இறங்காதவன் பைத்தியக்காரன் என்பார்கள். தெருவே ஆற்றில் இருக்கும் என்று நினைத்து நாங்கள் இருவரும் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தோம்.

அங்கே ராணி நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் எங்கள் தெரு நின்றது. பறியைக்கூட வைக்காமல் வந்தவர்களும் இருந்தார்கள். "வா அக்கா, போலாம்" என்றாள்.

ஆபீஸ் வராண்டாவில் சேற்று வாடையோடு நாங்கள் நின்றதைப் பார்த்து பியூன் திகைத்துவிட்டார். மேடம் எழுந்து வெளியே வந்தார். ராணி எல்லாருக்கும் முன்னால் போய் நின்றாள். அவள் சொன்னாள்.

"நான் சொன்னது பொய்யி மேடம். மாமா எங்கியும் போவல. போலீசு வந்தா நாங்க எப்பவும் அப்பிடித்தான் சொல்வோம்."

"ஏன் அப்படி?"

"சின்னதுல ஒருவாட்டி நெசத்த சொல்லிட்டேன் மேடம். நைனா எங்கன்னு கேட்டாங்கோ. வூட்டுக்குள்ள கீதுன்னு கைய காட்டினேன். இட்டுகினு போனாங்கோ. திரும்பி வந்ததுக்கப்பறம் நைனாவால ஆத்துல உக்கார முடில. சாவற வரைக்கும் முடில."

இத்தனை வருஷம் பக்கத்தில் இருக்கிறேன். இது எனக்கே தெரியாது. கதவைத் திறக்கவில்லை என்று ஆத்திரப்பட்ட நான், போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

 மேடம், "போலீஸைக் கூட்டிட்டு வந்தது என் தப்பு. இனிமே தனியா வர்றேன்" என்றார். ஒவ்வொருவரையும் உட்காரவைத்துக் கேட்டு எழுதினார். எழுதியதைப் படித்தும் காட்டினார். என் வீட்டுக்காரர் அதே வீட்டில்தான் இருக்கிறார், ஒழுங்காக வேலைக்குப் போகிறார் என்று கோர்ட்டுக்கு அறிக்கை போனது.

சொன்னபடியே அடுத்த மாதம் மேடம் தனியாக வந்தார். ஒரு வருஷக் கெடு முடிந்து, இனி வர வேண்டாம் என்று கோர்ட் என் வீட்டுக்காரரை விட்டுவிட்டது. இப்போது யாராவது வாய்க்காலை மறித்தால் என் வீட்டுக்காரர் கையை நீட்டுவதில்லை. நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பேசுகிறார். ஞாயிற்றுக்கிழமை எனக்கு முன்னால் சபைக்குக் கிளம்பிவிடுகிறார். ராணி இன்னும் எங்கள் சனத்தின் பழைய சாமி கன்னியம்மாவைத்தான் கும்பிடுகிறாள். "உங்க சாமிதான் என்ன அனுப்பிச்சின்னா, எங்காத்தா சும்மாவா குந்திகினு இருந்தா?" என்று என்னைக் கிண்டல் செய்வாள். நான் வாதாடுவதில்லை. எனக்குத் தெரிந்தது எனக்குத் தெரியும்.

ஜெபித்தும் ஒன்றும் நடக்கவில்லையே என்று சோர்ந்திருக்கிறவர்களே, உங்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன். கேட்பதை விடாதீர்கள். யாருக்காகக் கேட்க வேண்டும் என்றுகூட நமக்குத் தெரிவதில்லை, ஆனால் அவருக்குத் தெரியும். நான் மேடத்தை மாற்றும்படி கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த நேரம் கர்த்தர் ராணியின் வீட்டில் இருந்தார்.