ரெஜினா அக்கா கொடுத்த பேனாக்கத்தி

எங்கள் தெருவில் பொம்மைத் தோணி செய்து கடலில் விடுகிற கிறுக்கு இரண்டு பேருக்குத்தான் இருந்தது. ஒன்று நான். இன்னொன்று எதிர்வீட்டு ரெஜினா அக்கா. மற்றப் பிள்ளைகள் கோலி விளையாடப் போய்விடுவார்கள். நாங்கள் பள்ளிக்கூடம் விட்டதும் கல்யாண முருங்கைக் கொம்பு தேடி அலைவோம். அந்த மரம் பஞ்சு மாதிரி லேசாக இருக்கும். அதைத் தோணி வடிவத்தில் செதுக்கி, மூங்கில் குச்சியைப் பாய்மரமாக நட்டு, கிழிந்த லேஞ்சியைப் பாயாகக் கட்டுவோம். லேஞ்சி என்றால் கைக்குட்டை. தூத்துக்குடிக் கடற்கரையில் அப்படித்தான் சொல்வார்கள்.

எனக்கு அப்போது ஒன்பது வயது, பிள்ளைகளே. அக்கா என்னைவிட மூத்தவள்தான், ஆனால் தோணி விஷயத்தில் மூத்தவள், இளையவன் எல்லாம் கிடையாது. இரண்டு பேரும் போட்டிக்காரர்கள்.

"ஏலே, இது தோணியா, சப்பரமா? இம்புட்டுப் பெரிய பாய் வச்சா கவுந்துரும்லா" என்பாள்.

"உன் தோணி மட்டும் என்னவாம்? நண்டைக் கண்டாலே கரைக்குத் திரும்பிருது" என்பேன் நான்.

உண்மையைச் சொன்னால், அந்த வருஷம் அவள் தோணிதான் எப்போதும் முந்தும். அதற்கு ஒரு காரணம் உண்டு. நான் பாதி பிளேடை வைத்துச் செதுக்குவேன். மரத்தில் பாதி வெட்டு விழும், விரலில் பாதி வெட்டு விழும். அவளிடம் பேனாக்கத்தி இருந்தது. மான்கொம்புப் பிடி போட்ட மடக்குக் கத்தி. பெரிய அலகு ஒன்று, சின்ன அலகு ஒன்று. பிடியின் நுனியில் ஒரு வளையம். விரித்தால் 'டக்' என்று நிற்கும். அந்தச் சத்தத்தைக் கேட்பதற்காகவே ஒரு தடவை கொடு என்று கெஞ்சுவேன். கொடுக்கவே மாட்டாள். "அப்பா சாமானுலே. கெட்டுப்போச்சுன்னா யாரு பதில் சொல்லுதது?" என்று மடக்கிப் பாவாடை இடுப்பில் செருகிக்கொள்வாள்.

அவள் அப்பா தண்டல். தண்டல் என்றால் தோணியை நடத்திப் போகிற தலைவர். பாய்மரத் தோணியில் வெங்காயமும் கூரை ஓடும் கருவாடும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போய்வருவார். அந்தக் கத்தியும் கொழும்பில் வாங்கியதுதான். எந்நேரமும் அவர் இடுப்பு வாரில் தொங்கும். கடைசியாகப் போனபோது மட்டும் அதைக் கழற்றி மகளிடம் கொடுத்தார். நானும் பக்கத்தில் நின்றேன்.

"நான் வார வரைக்கும் நீ வச்சிரு ஏளா. வந்ததும் கேப்பேன். துருப்பிடிச்சிருந்துச்சு, தோலை உரிச்சிருவேன்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

அது வாடைக்காற்றுக் காலம். அவர் போன வாரத்தில் கடலில் புயல் வந்தது. மற்றத் தோணிகள் எப்படியோ கரை சேர்ந்தன. அவர் தோணி மட்டும் வரவில்லை. கொழும்புக்கும் போய்ச் சேரவில்லை. தை பிறந்தது, மாசி போனது, ஆள் வரவில்லை.

ரெஜினா அக்காவின் அம்மாவை நான் மாமி என்று கூப்பிடுவேன். மாமி அழவில்லை. முன்னொரு காலத்தில் ஒரு தோணி காற்றில் அடித்துப்போய் மாலத்தீவில் ஒதுங்கியதும், அதில் இருந்தவர்கள் பல மாதம் கழித்துத் தாடியும் மீசையுமாக வந்து இறங்கியதும் ஊரில் எல்லாருக்கும் தெரிந்த கதை. யார் வந்து விசாரித்தாலும் மாமி, "மாலத்தீவுல ஒதுங்கியிருப்பாவ. கப்பல் கெடைக்கணும்லா, வந்துருவாவ" என்று சொல்லிவிடுவார். சனிக்கிழமை தவறாமல் அவருடைய சாரத்தைத் துவைத்துக் கஞ்சி போட்டு வாசல் கொடியில் காயப்போடுவார். சாரம் என்பது எங்கள் பக்கத்தில் கைலிக்குப் பெயர்.

ஒருநாள் மாமியின் தம்பி வந்தார். மழை தூறிக்கொண்டிருந்தது. போகும்போது, "அத்தான் குடையைக் கொண்டுபோறேன்க்கா" என்று ஆணியில் தொங்கியதை எடுத்தார். மாமிக்கு வந்த கோபத்தை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

"வைலே கீழ. ஆளு உசுரோட இருக்கையில அவுக சாமானை எடுத்துப் பிறத்தியாருக்குக் குடுக்கவா? நான் என்ன தாலியறுத்தவளா?"

அந்த மனுஷர் குடையை இருந்த இடத்திலேயே மாட்டிவிட்டு நனைந்துகொண்டே போனார். ஒரு குடைக்கா இவ்வளவு கருமித்தனம் என்றுதான் நான் நினைத்தேன்.

துறைமுகத்துக்குப் போகும் பாதையில் என் அப்பா கயிற்றுக்கடை வைத்திருந்தார். தோணிக்காரர்கள் கயிறும் ஆணியும் வாங்க அங்கேதான் வருவார்கள். மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று தொடங்கித் தோணிகளையெல்லாம் கரையில் கட்டிப்போட்ட சமயம். ஒரு சாயங்காலம் நான் கயிற்றுச் சுருள்மேல் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தேன். வேறொரு தோணியின் தண்டல் வந்து அப்பாவிடம் தணிந்த குரலில் பேசினார்.

"இலங்கையில, கல்பிட்டிப் பக்கம் கரையில கெடந்துச்சு அண்ணாச்சி. சுக்கான் பலகை. நானே தடவிப் பாத்தேன். அவரு தோணியேதான்."

"ஆளுவ?" என்று அப்பா கேட்டார்.

"ஒருத்தரும் இல்ல அண்ணாச்சி." அவர் கையை விரித்தார்.

"வீட்டுல சொல்லியாச்சா?"

"யாரு சொல்லுதது? போன சனிக்கிழமை மாதா கோவில் சாமியாரே தெருவுக்கு வந்துட்டாரு. அந்தம்மா சாரத்தை உதறிக் காயப்போட்டுக்கிட்டு நிக்காவ. பாத்துட்டு, பேசாமத் திரும்பிட்டாரு."

அப்போதுதான் நான் திரும்பிப் பார்த்தேன். கயிற்றுக் கட்டுகளுக்குப் பின்னால் ரெஜினா அக்கா நின்றாள். தோணிக்கு நூல் வாங்க வந்திருப்பாள். அவர்கள் இரண்டு பேரும் அவளைப் பார்க்கவில்லை. "அக்கா, நூல் வேண்டாமா?" என்று நான் கேட்பதற்குள் அவள் இறங்கி நடந்துவிட்டாள்.

அன்றைக்கு அப்பா சரியாகச் சாப்பிடவில்லை. சுக்கான் பலகை போனால் என்ன, இன்னொன்று செய்துகொள்ளலாமே என்று எனக்குத் தோன்றியது.

மறுநாள் சனிக்கிழமை. இரண்டு பேரும் தோணி விடப் போனோம். கச்சான் காற்று தரையிலிருந்து கடலைப் பார்த்து அடிக்கிற காற்று. அந்தக் காற்றில் தோணிக்கு நூல் கட்டித்தான் விட வேண்டும். இல்லையென்றால் போனது போனதுதான். அக்கா அவளுடைய தோணிகளிலேயே நல்ல தோணியைக் கொண்டுவந்திருந்தாள். பச்சைச் சாயம் பூசி, அசல் தோணி மாதிரியே சுக்கான் வைத்தது. முழங்கால் தண்ணீரில் இறங்கி அதை விட்டாள். பாய் புடைத்துக்கொண்டது. நூல் முழுவதும் ஓடி விறைத்து நின்றது. அவள் இடுப்பிலிருந்து கத்தியை எடுத்து விரித்தாள். 'டக்' என்றது. நூலை அறுத்தாள்.

"ஏ அக்கா, என்ன செய்யுத? போயிரும்லா" என்று நான் தண்ணீரில் ஓடினேன். அவள் என் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே நின்றோம். தோணி சின்னதாகி, அலைக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாமல் போயிற்று.

கரைக்கு வந்ததும் கத்தியைப் பாவாடையில் துடைத்தாள். அலகை மடக்கினாள். கத்தியைக் கையோடு கை கொடுத்தால் சண்டை வரும் என்பார்கள். அதனால் மணலில் வைத்தாள்.

"எடுத்துக்கோ. உனக்குத்தான்."

"செதுக்கிட்டுத் தரவா?"

"தரவேண்டாம். நீயே வச்சுக்கோ. இனிமே பிளேடைத் தொடாத, என்ன?"

நான் கத்தியை எடுத்துக்கொண்டேன். "உங்க அப்பா வந்து கேட்டா?"

"கேக்க மாட்டாரு" என்றாள்.

அவள் அப்பா எவ்வளவு தாராளமான மனுஷர் என்று நான் நினைத்துக்கொண்டேன், பிள்ளைகளே. அவ்வளவுதான் நினைத்தேன். அவள் அங்கேயே மணலில் உட்கார்ந்துவிட்டாள். நான் கத்தியை விரிப்பதும் மடக்குவதுமாகத் தெருவுக்கு ஓடி வந்தேன்.

மாமி வாசலில் நின்று சாரத்தைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார். எனக்கு யாரிடமாவது காட்ட வேண்டும். பக்கத்தில் போய், 'டக்' என்று விரித்தேன்.

மாமி திரும்பினார். என் கையைப் பார்த்தார்.

"இதை எப்படிலே எடுத்த? அவ பாத்தா வைவா. கொண்டுபோய்க் குடு."

"நான் எடுக்கல மாமி. அக்காதான் தந்துச்சு. எனக்கே எனக்குன்னு தந்துச்சு."

"அப்பா வந்தா என்ன சொல்லுவாளாம்?"

"கேட்டேன் மாமி. அப்பா கேக்க மாட்டாருன்னு சொல்லிச்சு."

மாமி கொடிப் பக்கம் திரும்பினார். கொடியில் பாதி போட்டிருந்த சாரத்தை இழுத்து எடுத்தார். தண்ணீர் சொட்டச் சொட்ட அதை நாலாக மடித்தார். மறுபடியும் பிரித்து மறுபடியும் மடித்தார். எனக்குப் பயம் வந்துவிட்டது. விலை உயர்ந்த கத்தி, வீட்டுக்குத் தெரியாமல் கொடுத்துவிட்டாள், அதற்குத்தான் இந்தக் கோபம் என்று நினைத்தேன். கத்தியை மடக்கிப் படியில் வைத்தேன். "நீங்களே வச்சுக்கிடுங்க மாமி" என்றேன்.

மாமி குனிந்து அதை எடுத்தார். மான்கொம்புப் பிடியைக் கட்டைவிரலால் தடவினார். பிறகு இருந்த இடத்திலேயே படியில் வைத்தார்.

"குடுத்தது குடுத்ததுதான் ராசா. நீயே வச்சுக்கோ. கையை வெட்டிக்கிடாத." குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "அவ எங்க இருக்கா?"

"கடற்கரையில. ஒத்தைல உக்காந்திருக்கு."

"ஒத்தைலயா" என்றார் மாமி. ஈரச் சாரத்தைத் தோளில் போட்டுக்கொண்டு, கதவைக்கூடச் சாத்தாமல் கடற்கரைப் பக்கம் நடந்தார்.

அங்கே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. விளக்கு வைக்கிற நேரத்தில் இரண்டு பேரும் வந்தார்கள். நடை பழகுகிற பிள்ளையைப் பிடிப்பதுபோல மாமி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகுதான் என் அப்பாவும் அந்தத் தண்டலும் சாமியாரும் அந்த வீட்டு வாசற்படியை மிதித்தார்கள். கோவில் மணி துக்கத்துக்கு அடிக்கிற மாதிரி விட்டு விட்டு அடித்தது. தெருப் பெண்கள் தலையை விரித்துக்கொண்டு ஓடினார்கள். உடல் இல்லாமலே அடக்கப் பூசை நடந்தது.

எங்கள் வீட்டில் அம்மா, "பிள்ளைகிட்ட இருக்க கத்தியைத் திருப்பிக் குடுத்துரலாமா?" என்று கேட்டாள். "வேண்டாம். நாங்க அம்புட்டுப் பேரும் சொல்ல முடியாததை அது சொல்லிட்டு வந்திருக்கு. அவன்கிட்டயே இருக்கட்டும்" என்றார் அப்பா. கத்தி எப்படிப் பேசும் என்று நான் ஒன்றும் புரியாமல் படுத்திருந்தேன். அது என்னை விட்டுப் போகாது என்பது மட்டும் புரிந்தது. அந்தச் சந்தோஷத்தில் தூங்கிவிட்டேன்.

ரெஜினா அக்கா அதற்குப் பிறகு தோணி செய்யவில்லை. பாய் பெரிசு, சுக்கான் கோணல் என்று குறை சொல்ல ஆளில்லாமல் நான் தனியாக வாசலில் உட்கார்ந்து செதுக்கினேன். மாமி துக்கச் சேலையில் பூசைக்குப் போகும்போதும் வரும்போதும் என் பக்கத்தில் வந்து கொஞ்சநேரம் நிற்பார். என் கையையே பார்த்துக்கொண்டு நிற்பார். திருப்பிக் கேட்கத்தான் நிற்கிறார் என்று நினைத்து, அவர் வருவது தெரிந்தாலே கத்தியை மடக்கி முதுகுக்குப் பின்னால் ஒளித்துவிடுவேன்.

மாமி அதைக் கேட்க வரவில்லை. பார்க்கத்தான் வந்தார். அது அப்போது எனக்குத் தெரியவில்லை.